ஒரு பக்கத்து முகம்

ஸ்டாக்ஹோம்,
டிசம்பர் 8

அஸ்ராத் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை, இங்குள்ள நம் தேவாலயத்துக்கு வருகிற ஃபிக்ரு கொண்டுவந்து தருவார். துணி வாங்க அடிஸுக்கு வருகிறார். உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். திறக்கும் எண்ணம் இல்லை. உங்கள் குரலில் எதைக் கேட்டாலும் நம்ப முடியவில்லை. எழுத்து என்றால் எழுதுகிறவர் கொஞ்சமாவது யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் இருந்து வரைகிறவர்கள், அங்கிருந்து கிளம்பிப்போய் வேறு நாடுகளில் வரைகிறவர்கள், அவர்களுக்குப் பிறந்து வரைகிறவர்கள் என்று பலருடைய படங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி நடக்கிறது. லண்டனில் தொடங்கியது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அடிஸில், சார் பெட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கும். அதன்பின் டாக்காருக்குப் போகும். அதில் என் படமும் ஒன்று உண்டு. பெயர் 'அண்ணன்'. அதில் இருப்பது நீங்கள்.

இதை மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நம் அம்மா இறந்ததை நான் ஐந்து வாரம் கழித்து மற்றவர்கள் வாயால் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போன் செய்தபோது நீங்கள் எடுத்து, 'எமாயே தூங்கறா', 'எமாயே கோயிலுக்குப் போயிருக்கா', 'எமாயேக்குத் தொண்டை கட்டியிருக்கு' என்று சொன்னீர்கள். நானும் அவளுக்கு முத்தம் கொடுத்து அனுப்பினேன். புதைத்துப் பல நாளான ஒருத்திக்கு.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. என் குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது. இப்போது வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று உறுதியில்லை.

படத்தைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஹிருத்

*

அடிஸ் அபாபா,
தஹ்சாஸ் 20

ஹிருத்,

ஃபிக்ரு கடிதம் கொடுத்தான். கூட ஒரு மிட்டாய்கூட அனுப்பவில்லையா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு இருக்கற கோவத்துக்கு, உறைக்குள்ள குண்டு வைக்காம விட்டாளே, சந்தோஷப்படு" என்றான்.

'அஸ்ராத் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'நீங்கள்', 'உங்கள்' என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். பேசக் கற்ற நாளிலிருந்து என்னை 'காஷே' என்று கூப்பிட்டவள் நீ. மூத்தவனைக் கூப்பிட அந்த ஒரு சொல் போதும் என்றிருந்தாய். எனக்கு அபராதச் சீட்டு எழுதும் போக்குவரத்துப் போலீஸ்காரர்கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

உன் கடிதத்தைப் படித்து, சரி, அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறாளே என்று கொஞ்சம் மனம் இளகித்தான் இருந்தேன். போன வாரம் போஸ்டர் ஒட்டினார்கள். அத்தனை நாட்டு ஓவியர்களில் போஸ்டருக்கு உன் படம்தான் கிடைத்திருக்கிறது. நம் ஊர் மெக்சிகோ சதுக்கத்தில் எங்கள் டாக்ஸி வரிசைக்கு நேர் எதிர்ச் சுவர். நீலமும் வெள்ளையுமாக நம் லாடா கார். ஸ்டியரிங்கில் ஒரு கை, காதில் போன். காது மடலில் உள்ள பழைய வெட்டு வரைக்கும் நான்தான்.

ஆனால் பக்கவாட்டு முகம். ஒரே ஒரு கண்.

நம் தேவாலயச் சுவரில் நல்லவர் ஒருவரையாவது அப்படிப் பார்த்திருக்கிறாயா? புனிதர்களுக்கு இரண்டு கண். தேவதைகளுக்கு, தலை மட்டும் பறந்தாலும், இரண்டு கண். ஒற்றைக் கண் யாருக்கு? பிசாசுக்கு. ஏசுவை அறைந்த சிப்பாய்களுக்கு. கடைசிப் பந்தியில் மூலையில் உட்கார்ந்திருக்கும் யூதாஸுக்கு. பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் இந்தக் கணக்கு தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்துக் கை தட்டியிருப்பார்கள். இங்கே ஒட்டிய அன்றே எங்கள் வரிசை டிரைவர் பெலாச்செவ் பார்த்துவிட்டான். நான் வண்டியைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியதும் கத்தினான்:

"டேய், யூதாஸ் வர்றான்! அப்போஸ்தலருங்க எல்லாம் பாக்கெட்டப் புடிச்சுக்கங்கடா!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அடுத்த வீட்டு எத்தியே வொர்க்னேஷ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏன்டா அஸ்ராத், இன்னொரு கண்ண எங்கடா வச்ச? பெட்ரோலுக்கு வித்துட்டியா?" என்றாள். ஆனால் பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் பிடிக்கவில்லை.

உனக்குச் சொல்லாமல் வைத்தது நான் தனியாக எடுத்த முடிவல்ல. அடக்கம் முடிந்த அன்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். 'அந்தப் பொண்ணுக்கு முதல் தடவையா தனிக் கண்காட்சி. அது முடியட்டும். அந்நிய ஊர்ல தனியா கெடந்து அழுவா' என்றார்கள். தேர்வு எழுதுகிறவனுக்கும் பிள்ளை பெறப் போகிறவளுக்கும் நம் ஊரில் அப்படித்தானே செய்கிறோம்? பெரியவர்கள் முடிவு. நான் வாய் மட்டும்தான்.

படத்தை இறக்கச் சொல். இல்லையென்றால் இன்னொரு கண்ணை வை.

அஸ்ராத்

*

ஸ்டாக்ஹோம்,
ஜனவரி 5

அஸ்ராத் அவர்களுக்கு,

தஹ்சாஸ் 20 என்று தேதி போட்டிருந்தீர்கள். விரல்விட்டு எண்ணித்தான் அது டிசம்பர் கடைசி என்று தெரிந்துகொண்டேன். நம் மாதங்கள் எனக்கு மறக்க ஆரம்பித்துவிட்டன. சொல்லிப் பார்க்க ஆள் வேண்டும்.

உங்களை யூதாஸாக நான் வரையவில்லை. பார்த்ததை வரைந்தேன். பள்ளிக்கு, சந்தைக்கு, ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு என்று எங்கே போனாலும் எனக்கு முன்சீட்டு. உங்களுக்கு இடது பக்கத்து ஸ்டியரிங். நான் உங்கள் வலது பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் சன்னல் கண்ணாடியில் படியும் ஆவியில் விரலால் முதன்முதலாக வரைந்தது உங்கள் மூக்கை. இன்றும் கண்ணை மூடினால் ஒரு காது, ஒரு கன்னம், ஒரு கண்தான் வருகிறது. எமாயே பின்சீட்டில் உட்காருவாள். அவளுக்கு நடுக் கண்ணாடியில் உங்கள் இரண்டு கண்ணும் தெரியும். அதில் பார்த்துக்கொண்டேதான் திட்டுவாள். எனக்கு அந்த வசதி கிடையாது.

பெரியவர்கள் முடிவு என்கிறீர்கள். அந்த முடிவு என் வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் கண்காட்சி முடிந்த மறுநாள். வெளிச்சம் வந்திருந்தது, ஆனால் தெருவில் யாரும் இல்லை. கதவு மணி அடித்தது. திறந்தால் நம் தேவாலயத்து ஆட்கள், படிக்கட்டு முழுக்க. பாதிரியார், பாடகர் குழுப் பெண்கள், ஃபிக்ருவும் அவர் மனைவியும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்காட்சிக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேரும் வருகிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டேனா என்று வெட்கமாகக்கூட இருந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க, காபி வறுக்கறேன்" என்று சட்டியை அடுப்பில் வைத்தேன். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் கறுப்பு உடுத்தியிருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன். விடியற்காலையில் கூட்டமாக, சொல்லாமல், கறுப்பில் வந்தால் அது மெர்தோ, சாவுச் செய்தி என்று ஊரில் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. காபிக்கொட்டை கருகும்வரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் கருகிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் எமாயே இறந்தாள் என்று பிற்பாடு சொன்னீர்கள். மத்தியானம் நான் போன் செய்தேன். 'தூங்கறா' என்றீர்கள். நீங்கள் பேசும்போது பின்னால் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது. டிக், டிக் என்று விடாமல். லாடாவின் சத்தம் எனக்குத் தெரியாதா? வண்டி எங்கோ ஓரமாக நின்றிருக்கிறது. எங்கே? எமாயே அப்போது எங்கே இருந்தாள்? யார் கூட இருந்தார்கள்?

இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஹிருத்

*

அடிஸ் அபாபா,
திர் 14

ஹிருத்,

திம்கத் திருவிழா முடிந்துவிட்டது. இந்த வருடம் ஜான் மேடாவில் நல்ல கூட்டம். பாதிரியார் தெளித்த புனித நீரில் பாதி என் மேல்தான் விழுந்தது. பெலாச்செவ், "நல்லா தெளிங்க சாமி, இவனுக்கு ரெண்டு வாளி வேணும்" என்றான். அந்தப் போஸ்டர் மழையில் கிழிந்து போகும் என்று பார்த்தேன். மழையே இல்லை.

உன் காரணத்தைப் படித்தேன். முன்சீட்டு, ஆவி, மூக்கு. அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் நான் ஒன்று சொல்லட்டுமா? ஏழு வயதில் தேவாலயத்தில் பாதிரியாரின் அங்கியைப் பிடித்து இழுத்து, "அந்தச் சாத்தானுக்கு இன்னொரு கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டவள் நீ. அவர், "அது அந்தப் பக்கம் இருக்கு, நம்மளப் பாக்க வெக்கப்படுது" என்றார். வீட்டுக்கு வரும்வரை வண்டியில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எமாயே பின்னாலிருந்து, "சிரிக்காதடி, சாத்தான் காதுல விழும்" என்றாள். உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. ஓவியர்களில் உன்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

வீட்டில் கூரை போன மழைக்காலத்திலேயே ஒழுகியது, தகரம் மாற்ற வேண்டும். எமாயேவின் அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். காபி நான் வீட்டில் போடுவதில்லை. ஒரு ஆளுக்காக மூன்று சுற்றுக் காபி போட்டால் தெருவில் சிரிப்பார்கள். சாப்பாடும் பெரும்பாலும் வெளியில்தான். போன வெள்ளிக்கிழமை எத்தியே வொர்க்னேஷ் இஞ்செராவும் ஷிரோவும் கொடுத்தனுப்பினாள். தட்டின் முன் உட்கார்ந்தேன். இஞ்செராவைக் கிழித்து, ஷிரோவில் தோய்த்து, நன்றாக உருட்டி, கையை நீட்டிவிட்டேன். முதல் கவளத்தை எமாயேவுக்கு ஊட்டுகிற பழக்கம். எதிரில் சுவர். அப்படியே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே தின்றேன்.

படத்தைப் பார்க்க நான் போகவில்லை. போக மாட்டேன். இந்த மாதிரி ஒரு படத்தின் முன் போய் நின்றால், அதுதான் நான் என்று ஒத்துக்கொண்டது போலாகும். இறக்கச் சொல். டாக்காருக்கு அது போகக்கூடாது.

அஸ்ராத்

*

ஸ்டாக்ஹோம்,
பிப்ரவரி 3

அஸ்ராத்,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கூரை இருக்கிறது, திம்கத் இருக்கிறது, பாதிரியாரின் வாளி இருக்கிறது. நான் கேட்டது இல்லை.

('நீங்கள்' என்று தொடர்ந்து எழுத முயன்றேன். கோபம் அதிகமாகும்போது அது வரமாட்டேன் என்கிறது.)

நீ சொன்னது சரி. சாத்தானின் கண் எனக்கு நினைவிருக்கிறது. பக்கவாட்டு முகத்தில் நான் வரைய ஆரம்பித்தது, எனக்கு உன்னை வேறு எப்படியும் தெரியாது என்பதால்தான். அது பொய்யில்லை. ஆனால் பாதியில், முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பினால் எப்படி இருக்கும் என்று தனித்தாளில் போட்டும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. திருப்பவில்லை. 'இருக்கட்டும்' என்று விட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால், நீ எனக்குச் சொன்ன ஐந்து வாரத்துப் பதில்கள் மாதிரி ஆகிவிடும்.

கண்காட்சியை அமைத்த ஒலுச்சி, லண்டனில் பிறந்த நைஜீரியப் பெண். அவளுக்கு நம் தேவாலயச் சுவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. என் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தபோது அவள் கேட்டது வேறு. "இவர் ஏன் ரோட்டைப் பார்க்கவில்லை?" என்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். உன் கண் ரோட்டில் இல்லை. சற்று மேலே, நடுக் கண்ணாடியில் இருக்கிறது. நான் அப்படி யோசித்து வரையவில்லை. கன்னத்தில் ஓர் ஆரஞ்சு வெளிச்சம் வைத்திருக்கிறேன், இண்டிகேட்டருடையது. அது போனில் கேட்ட சத்தத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியைப் பார்க்கிற கண் எங்கிருந்து வந்தது? கண்ணாடிக்குள் எதுவும் வரையவில்லை, வெறும் சாம்பல் நிறம். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஒலுச்சியிடம் பேசிவிட்டேன். டாக்காருக்குப் பெட்டி கட்டுவதற்கு முன் படத்தைத் தனியாக எனக்கு அனுப்பச் சொல்லலாம். நீ கேட்கிற கண்ணை வைத்துத் தருகிறேன். முழு முகம், புனிதர்களைப் போல. பெலாச்செவ் வாயை அடைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதற்கு முன் நீ பதில் சொல்ல வேண்டும். எமாயே தனியாக இறந்தாளா? அது தெரியாமல் உன் முகத்தில் நான் எந்தக் கண்ணை வைப்பது?

என் குடியிருப்பு அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமை தபாலில் வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரிடம் சொன்னேன். அவருக்குக் காது கேட்காது. தலையை ஆட்டினார்.

ஹிருத்

*

அடிஸ் அபாபா,
யெகாதித் 8

ஹிருத்,

படத்தைப் பார்த்தேன்.

எத்தியே வொர்க்னேஷ்தான் போகச் சொன்னாள். உன் கடைசிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இண்டிகேட்டர் வந்த இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "போய்ப் பாருடா. பாத்துட்டு அவளுக்கு எழுது. நீ எழுதலன்னா நான் எழுதுவேன், எனக்கு எழுத்து தெரியாதுன்னாலும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கூட்டமில்லை. ஓர் அறை, இன்னோர் அறை என்று போய்க்கொண்டே இருக்கிறது. டாக்கார்க்காரர் ஒருவர் கடற்கரை வரைந்திருக்கிறார். படகும் இல்லை, ஆளும் இல்லை. ஈர மணலில் செருப்புகள் மட்டும், எல்லாம் கடலைப் பார்த்தபடி. லண்டனில் இருக்கும் ஜமைக்காக்காரி ஒருத்தி, ஒரு வீட்டுக் கூடத்தில் ஆணியில் மாட்டிய கோட்டை வரைந்திருக்கிறாள். அந்தக் கோட்டுக்கு உள்ளே தோள் இருப்பது மாதிரியே இருக்கிறது. லாகோஸ்காரர் வரைந்த பஸ்ஸில் டிரைவர் இல்லை. அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மற்றபடி, அந்த அறைகளில் இருந்த எல்லாப் படங்களும் யாரையோ காணாமல் வரைந்த மாதிரி இருந்தன. வீட்டில் இருப்பதைவிட அங்கே எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது.

கடைசி அறையில் நான். போஸ்டரில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு பெரிது என்று நீ சொல்லவில்லை. காவலாளி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்... அட! அதே காது!" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் வெளிய நிக்கறேன்" என்று போய்விட்டார்.

அந்த ஆரஞ்சு வெளிச்சம் கன்னத்தில் பாதி வரை இருக்கிறது. சரியாக அவ்வளவுதான் இருக்கும். கண் கண்ணாடியில் இருக்கிறது. அதுவும் சரி. இனி எழுதாமல் இருக்க முடியாது.

வண்டி சிதிஸ்த் கிலோ ஏற்றத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய ஒரு புத்தகக் கடை முன்னால். எமாயேவுக்குக் காலையிலிருந்து நெஞ்சு அடைப்பாக இருந்தது. பூசை முடியட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் எத்தியே வொர்க்னேஷ் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும் போல அவளும் பார்த்தாள். "மெதுவா போடா, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

கொஞ்ச தூரம் போனதும் எத்தியே, "அஸ்ராத், வண்டிய நிறுத்து" என்றாள்.

"இன்னும் ரெண்டு திருப்பம்தான்."

"நிறுத்துடா. ஆஸ்பத்திரிக்குப் போக இனிமே ஒண்ணுமில்ல."

ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. கை போட்டது. அப்போது போன் அடித்தது. நீ.

எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் எடுக்காவிட்டால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த நொடி எமாயேவின் எண்ணுக்கு அடிப்பாய். அவள் போன் அவள் இடுப்புத் துணி முடிச்சில் இருந்தது. அவள் உடம்பிலிருந்து உன் மணி அடிப்பதை நான் கேட்க வேண்டியிருந்திருக்கும். அதைத் தாங்க முடியாது என்றுதான் எடுத்தேன். உனக்காக எடுக்கவில்லை. உன் கண்காட்சியெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை.

"காஷே! எமாயே எங்க?" என்றாய்.

கண்ணாடியில் பார்த்தேன். எத்தியே தன் நெதெலாப் போர்வையின் நுனியால் எமாயேவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன.

"தூங்கறா."

"பட்டப்பகல்லயா? சரி சரி, எழுப்பாத. பாவம், தூங்கட்டும்" என்றாய். நிறம் ஏதோ சரியாக வரவில்லை என்று கொஞ்ச நேரம் பேசினாய். பின்னால் எத்தியே தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள், சத்தம் வராமல் இருக்க.

பெரியவர்கள் முடிவு என்று உனக்கு எழுதினேன். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் மறுநாள்தான் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன். அவர்கள் 'சொல்ல வேண்டாம்' என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முதல் பொய்க்குப் பெரியவர் யாரும் கிடையாது, ஹிருத். அது நான் மட்டும்.

அவள் தனியாக இறக்கவில்லை. அதை எழுதவே இந்தக் கடிதம். மற்றதெல்லாம் கூட வந்தது.

படத்தை இறக்க வேண்டாம். இன்னொரு கண்ணும் வேண்டாம். அன்று அது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும். கண்ணாடிக்குள் எதையாவது வரைந்து வைக்காதே. சாம்பலாகவே விடு.

நடுக் கண்ணாடியை நான் இன்னும் திருப்பவில்லை. அவள் உயரத்துக்கு இருக்கிறது. பின்னால் வருகிற வண்டி சரியாகத் தெரிவதில்லை. ஏறுகிறவர்கள், "என்ன டிரைவர், எங்க மடியவே பாத்துட்டு வர்ற?" என்று சத்தம் போடுகிறார்கள்.

அஸ்ராத்

*

ஸ்டாக்ஹோம்,
பிப்ரவரி 26

காஷே,

'எழுப்பாத, தூங்கட்டும்' என்று நான் சொன்னது எனக்கு நினைவே இல்லை. உன் கடிதத்தில் படித்ததும் வந்துவிட்டது. அன்று நான் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் நீலமாக இருந்தது. உன் டாக்ஸியின் நீலம். ஏதோ சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

நீ அந்தச் சொல்லை இத்தனை நாள் என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாய். என்னிடம் சண்டை போட உனக்கு அது ஒன்று போதுமே. 'நீதானே எழுப்பாதே என்றாய்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அடுத்த கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நீ எழுதவில்லை. யூதாஸ் என்று ஊரே சிரித்தபோதும் எழுதவில்லை.

படம் அப்படியே டாக்காருக்குப் போகிறது. ஒலுச்சியிடம் சொல்லிவிட்டேன். "அண்ணனுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், காது சரியாக இருக்கிறதாம் என்றேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. ஃபாசிகாவுக்கு, நம் ஈஸ்டருக்கு, முந்தின வாரம், புதன்கிழமை காலை விமானம். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. போனில் நாம் இரண்டு பேரும் கொஞ்ச நாள் பேச வேண்டாம். நேரில் வந்து கேட்கிறேன். கல்லறைக்கு முதலில் போவோம். பிறகு வீட்டுக்கு. காபிக்கொட்டை வாங்கி வை. மூன்று சுற்றும் போடலாம், எத்தியே வொர்க்னேஷையும் கூப்பிடு. வறுக்கும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன்.

விமான நிலையத்தில் பழக்கத்தில் எனக்காக முன்பக்கக் கதவைத் திறந்துவிடாதே. அந்த சீட்டில் உன் கோட்டைப் போட்டு வை. நான் பின்னால், எமாயே உட்கார்ந்த பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

கண்ணாடியைத் திருப்பாதே. அவள் என்னைவிடக் குட்டை. நான் கொஞ்சம் குனிந்துகொள்கிறேன்.

ஹிருத்